குண்டூசி குத்திய பைகள்

அத்தியாயம் பதினொன்று

மாமியாரின் வாயில் குண்டூசி இருக்கும்வரை யாரும் பயப்படத் தேவையில்லை. உதட்டில் கவ்வியிருக்கும் ஊசிகளை எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருக்கும் பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு வாயைத் திறந்தால்தான் ஆபத்து. தையல் கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு இது தெரியும். பெற்ற மகனுக்குத் தெரியும். பேன்ட் நீளம் குறைக்க வந்தவருக்குக்கூட ஒரே வருகையில் தெரிந்துவிடும். தெரு அந்த அம்மாளுக்கு வைத்திருக்கும் பெயரே குண்டூசி.

அந்தக் குண்டூசி அம்மாள் ஒரு வருஷத்துக்கு மேல் மருமகளிடம் வாயே திறக்காமல் இருந்தார். மருமகளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மகன் அது தெரிந்தேதான் கட்டியிருக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து ஆரம்பித்த மௌனம் அது. முதல் கணவர் அவளுக்கு விட்டுவிட்டுப் போனது அந்த வைரஸ் மட்டும்தான். மகன் எலக்ட்ரீஷியன். சிகிச்சை மையத்தில் மின்விசிறி மாட்டப் போனவன், அங்கே நோயாளிகளுக்கு கவுன்சலிங் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தான். நன்றாக ஓடிய விசிறியை எல்லாம் ரிப்பேர் என்று சொல்லி மறுபடி மறுபடி போய், கடைசியில் கல்யாணத்தில் முடித்தான்.

சென்ற வாரம் அந்த மௌனம் உடைந்ததைப் பார்த்தோம். மாமியார் தானாகவே மகன் வீட்டு வாசலில் வந்து நின்று, "அந்தப் பையை நான் தைச்சுத் தர்றேன்" என்றாரே, அதற்குப் பிறகு கதையில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. நமக்குத்தான் ஒரு வாரம்.

எந்தப் பை? மையத்தில் மாத்திரை கொடுப்பது ஒரு வெள்ளைக் காகித உறையில். அதன்மேல் மையத்தின் முத்திரை பெரிசாகக் கண்ணைப் பறிக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு மெல்ல எழுந்து வேறு இடம் பார்ப்பார். அதனால் பலரும் வாசலிலேயே உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப் போவார்கள். சாதாரண பர்ஸ் மாதிரி ஒரு துணிப்பை இருந்தால் நன்றாக இருக்குமே என்று மருமகள் புலம்பியதை மகன் போய் அம்மாவிடம் சொன்னான். கடையில் மலைபோல் கிடந்த வெட்டுத் துண்டுகளுக்கு விமோசனம் பிறந்தது.

கோடு போட்டது, கட்டம் போட்டது, பூப்போட்டது என்று ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் பைகள் தயாராயின. ஒவ்வொன்றிலும் மாத்திரை வைக்க ஓர் அறை. உள்ளே சில ஆணுறைப் பாக்கெட்டுகள். பாக்கெட் நிறைந்த அட்டைப்பெட்டிகளை மருமகள் கடையிலேயே இறக்கிவிட்டுப் போயிருந்தாள். கடைப் பெண்கள் முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த நாள் பொத்தான் தைப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

இன்று கூட்டம்.

*

"ஏன் முகம் இப்படிச் சோர்ந்து கிடக்கு? கொஞ்ச நாளாவே பாக்கறேன்" என்றான் கணவன், காலையில் பைக்கைத் துடைத்துக்கொண்டே.

"கூட்டத்தை நினைச்சா வயித்தைப் பிசையுது. வேற ஒண்ணுமில்ல."

பிசையாமல் என்ன செய்யும்? இதுவரை தம்பதிகள் கூட்டம் என்றால் பெரிய டாக்டரம்மா மேடையில் பேசுவார், கீழே இருப்பவர்கள் தரையைப் பார்ப்பார்கள். கேள்வி உண்டா என்றால் ஒரு தலைகூட நிமிராது. "நோயோட வாழற நானே பேசறேன் டாக்டர், எங்கிட்ட கேப்பாங்க" என்று இவள் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். டாக்டரம்மா யோசித்துவிட்டு, "ஒரு தடவை நடத்து. சரியா வந்தா இனிமே மாசாமாசம் உன் கூட்டம்தான். சொதப்பினா பழையபடி நான்" என்றார்.

பைகளை எடுக்கக் கடைக்குப் போனபோது மாமியார் தலை வாரி, செருப்பு மாட்டி, தயாராக நின்றார்.

"நானும் வர்றேன்."

"எங்க அத்தை?"

"எங்கன்னா? உன் கூட்டத்துக்குத்தான். நான் தைச்ச பையை நானே என் கையால குடுக்கக் கூடாதா?"

எச்.ஐ.வி. என்ற எழுத்தைப் பேப்பரில் பார்த்தாலே பக்கத்தைத் திருப்பிவிடும் மனுஷி, இன்று அந்த ஹாலுக்குள்ளேயே வந்து உட்காரப் போகிறார். கணவனைப் பார்த்தாள். அவன் இல்லாத தூசியைக் கண்ணிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தான்.

*

மாமியார் ஹால் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்த பிறகு அந்த இடமே கடையாக மாறிவிட்டது.

"உனக்குக் கட்டம் போட்டது எடுத்துக்கோ, சட்டைக்குப் பொருந்தும். நீங்க ஏன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போறீங்க? நிமிர்ந்து வாங்க, பிடிச்ச கலரா எடுங்க. தம்பி, எந்த ஊர் லோடு? இருந்து கேட்டுட்டுப் போயேன்."

தம்பி என்றது ஒரு லாரி டிரைவரை. சந்தைக் கிடங்கில் மூட்டை ஏற்ற வேண்டும், கூட்டத்துக்கு இருக்க முடியாது, மாத்திரை மட்டும் வாங்க வந்தேன் என்றார் அவர். நீலப் பூப்போட்ட பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

உள்ளே மருமகள் மேடையருகே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். செய்து காட்ட ஒரு பாக்கெட் வேண்டும். கைக்கு வந்த ஒரு பையின் ஜிப்பைத் திறந்தாள். பாக்கெட் வரவில்லை. இழுத்தாள். உள்துணியோடு சேர்ந்து வந்தது.

ஜிப்பை முழுக்கத் திறந்து உள்ளே பார்த்தாள்.

அடுக்கி வைத்த பாக்கெட்டுகளின் நட்டநடுவில் ஒரு குண்டூசி. மேலே நுழைந்து கீழே வந்து, துணியைப் பிடித்துக்கொண்டு அழகாக நின்றது. இன்னொரு பையைத் திறந்தாள். அங்கேயும் அதேதான். அத்தனை பைகளிலும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில், கோணல்மாணல் இல்லாமல் குத்தப்பட்ட குண்டூசி. இந்த ஒழுங்கு உலகத்தில் ஒரே ஒருவருடைய கைக்குத்தான் வரும்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"அய்யய்யோ! சரி, பதறாதீங்க. தேதி முடிஞ்ச சரக்கு வந்துடுச்சுன்னு சொல்லித் திருப்பி வாங்கிடலாம். உங்க மாமியாருக்கும் விஷயம் தெரிய வேண்டாம். இன்னிக்குத்தான் முதல் தடவையா வந்திருக்காங்க பாவம்."

நல்ல யோசனைதான். மருமகளுக்கும் ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. இப்போது போய் மாமியாரிடம் இதைச் சொன்னால், அந்த ரோஷக்காரி எழுந்து போய்விடுவார். இன்னொரு வருஷம் பேச மாட்டார். இனி எப்போதுமே பேசாமலும் போகலாம்.

ஆனால் தலையை ஆட்டினாள்.

"வேண்டாம் சிஸ்டர். வீட்டு மனுஷங்க பொய் சொன்னதாலதான் இந்த ஹால்ல பாதிப் பேர் உட்கார்ந்திருக்காங்க. நானும் ஒரு பொய் சொல்லித்தான் ஆரம்பிக்கணுமா?"

வாசலுக்குப் போனாள். மேஜைக்கு அருகே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அத்தை, பாக்கெட்ல குண்டூசி குத்தியிருக்கீங்க."

"ஆமா. பஸ்ல மாத்திரையை எடுக்கறப்ப இது நழுவிக் கீழ விழுந்தா மானம் என்ன ஆகறது? அதான் பொண்ணுங்க போனப்புறம் நானே உட்கார்ந்து ஒவ்வொண்ணாக் குத்தினேன்."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. யாரோ முகம் தெரியாதவர்களின் மானத்துக்காக அந்த அம்மாள் கண்விழித்திருக்கிறார். இதை உடைக்க வேண்டியிருக்கிறதே என்று மருமகளுக்கு அழுகை வந்தது.

"ஊசி உள்ள இருக்கிற ரப்பர்லயும் ஓட்டை போட்டிருக்கும் அத்தை. ஓட்டை இருந்தா உறை எதையும் தடுக்காது. எல்லாத்தையும் திருப்பி வாங்கணும். மத்தவங்க உள்ளதான் இருக்காங்க. ஆனா அந்த லாரி டிரைவர் கிளம்பிட்டாரு. அவர் மாத்திரை ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது, ரத்தத்துல வைரஸ் இன்னும் இறங்கல. அவர் சம்சாரத்துக்கு நோய் இல்ல. இந்த உறையை நம்பித்தான் வீட்டுக்குப் போறாரு."

மாமியாரின் கை அப்படியே நின்றது. பெருமை இருந்த முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோனது. மணிக்கட்டுத் திண்டிலிருந்து ஊசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார். எழுந்தார். விறுவிறுவென்று வெளியே நடந்துவிட்டார்.

மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசலில் பைக்கோடு நின்ற மகனின் பின்னால் மாமியார் ஏறி உட்காருவது தெரிந்தது. பைக் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

போய்விட்டார்.

டிரைவரின் நம்பருக்குப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கணவனுக்குப் போட்டாள். அவன் எடுக்கவில்லை. இருவருக்கும் மாற்றி மாற்றிப் போட்டதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அதற்குள் டாக்டரம்மா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, ஆரம்பிக்கலாம் என்று கையைக் காட்டினார்.

*

"எல்லாருக்கும் வணக்கம். முதல்ல ஒரு தப்பைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தாள் மருமகள்.

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகளில் சில நிமிர்ந்தன.

"உங்க கையில இருக்கிற பையைத் திறந்து பாருங்க. பாக்கெட்ல குண்டூசி இருக்கும். பிரிச்சுக் குடுக்கறதுக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும், பார்க்கல. அது என் தப்பு. அதுல ஒண்ணைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. ஏன்னு காட்டறேன்."

ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். ஆணுறையை எடுத்து மேடையோரம் இருந்த குடிதண்ணீர்க் குழாயில் பிடித்தாள். அது சுரைக்காய் மாதிரி உப்பிற்று. உப்பிய வேகத்தில் முன்னும் பின்னும் பல பக்கமும் மெல்லிய நீர்க்கம்பிகள் பீய்ச்சி அடித்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கணவரின் மூக்குக்கண்ணாடி நனைந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த நொடி ஹாலே சிரித்தது. அந்த ஹாலில் இதுவரை யாரும் சிரித்ததில்லை.

"குடும்பத்தையே குளிப்பாட்டும் போலிருக்கே! இதுக்குப் போய் ஊசி குத்தின அந்தப் புத்திசாலி யாரும்மா?" என்று கேட்டார் கண்ணாடியைத் துடைத்த கணவர்.

மருமகள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"அந்தப் புத்திசாலி நான்தான்."

மாமியார் நின்றிருந்தார். தலையெல்லாம் கலைந்து, தூசி படிந்து, ஒரு கையில் நீலப் பூப்போட்ட பையோடு. பின்னால் லாரி டிரைவர், அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவர்களுக்கும் பின்னால் மூட்டை ஏற்றிய லாரி, மையத்தின் வாசலை மொத்தமாக அடைத்துக்கொண்டு நின்றது. மகன் பைக்கை உள்ளே கொண்டுவர வழியில்லாமல் தெருவிலேயே நின்று கையாட்டினான்.

"இந்தத் தம்பி கிடங்குல லோடு ஏத்திட்டுக் கிளம்பிடுச்சு. துரத்திப் போனா வீட்டு வாசல்லதான் பிடிக்க முடிஞ்சுது" என்றார் மாமியார், மூச்சு வாங்க. "இன்னும் ஜிப்பைக்கூடத் திறக்கல. பையைப் பிடுங்கினேன். பிடுங்கினதுக்குக் காரணம் சொல்லணும்ல? அதான் நீயே வந்து என் மருமக சொல்றதைக் கேளுன்னு ரெண்டு பேரையும் கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

பிறகு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். உதட்டில் ஒரு ஊசிகூட இல்லை.

"நாப்பது வருஷமா ஊசி பிடிக்கிற கை இது. எதுல குத்தணும், எதுல குத்தக் கூடாதுன்னு எல்லாம் தெரியும்னு நினைச்சேன். இது தெரியல. மன்னிச்சுக்கோங்க. என் மருமக நினைச்சிருந்தா என்னை மறைச்சிருக்கலாம். நேரா வந்து எங்கிட்டயே சொன்னா. அந்த தைரியம் என் பரம்பரையிலயே யாருக்கும் கிடையாது. என்ன எல்லாரும் என்னையே பாக்கறீங்க? அவ இன்னும் முடிக்கல. அங்க பாருங்க!"

'என் மருமக.' இரண்டு தடவை சொல்லிவிட்டார். மேடையில் நின்றவளுக்குக் கண் மங்கலாகிவிட்டது. ஆனால் குரல் மங்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள்.

அதன் பிறகு கேள்விகள் வந்தன பாருங்கள், டாக்டரம்மா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கே வைப்பது, எண்ணெய் தடவலாமா, கிழிந்தால் என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எண்ணெய் வேண்டவே வேண்டாம், ரப்பர் நைந்துவிடும் என்றாள். கிழிந்துவிட்டால் காத்திருக்காமல் உடனே மையத்துக்கு ஓடி வரவேண்டும், நோய் இல்லாத துணைக்குத் தடுப்பு மாத்திரை இருக்கிறது, அதைச் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன் என்றாள். லாரி டிரைவரின் மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

கடைசியில் எழுந்தவர் மாமியார்.

"எனக்கும் ஒண்ணு தெரியணும். நீ இத்தனை வருஷமா மாத்திரை சாப்பிடறே. அப்ப என் மகன்..." என்று இழுத்தார். கேள்வியை முடிக்க அவரால் முடியவில்லை. ஒரு வருஷ மௌனத்துக்குள் இருந்த பயம் முழுவதும் அந்த இழுவையில் இருந்தது.

மருமகள் மேடையை விட்டு இறங்கி வந்தாள்.

"உங்க மகன் தவறாம டெஸ்ட் பண்ணிக்கறாரு அத்தை. ஒண்ணும் இல்ல. என் ரத்தத்துல வைரஸ் டெஸ்ட்லயே பிடிபடாத அளவுக்கு இறங்கி, பல வருஷமா அப்படியே நிக்குது. நான் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடறதில்ல. அப்படி பிடிபடாம நின்னா, கூடப் படுக்கறவங்களுக்கு என்கிட்டேருந்து போகாது. கம்மியாப் போகும்னு சொல்லல. போகவே போகாது."

டிரைவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"அப்ப எனக்கு உறை எதுக்கும்மா?"

"அண்ணே, உங்களுக்கு இன்னும் இறங்கல. இறங்கிடுச்சு, நிலையா நிக்குதுன்னு ரிப்போர்ட் வந்து டாக்டர் சொல்ற வரைக்கும் அதுதான் உங்க வீட்டுக்குக் காவல். மாத்திரையை விட்டுட்டா மறுபடி ஏறிடும், அப்பவும் அதுதான். அப்புறம், மாத்திரை இந்த ஒரு வைரஸைத்தான் அடக்கும். வேற பால்வினை நோய் வந்தா அது பார்த்துக்காது. குழந்தையையும் தள்ளிப் போடாது. எங்க வீட்டுல உறை இருக்கறது இந்தக் கடைசிக் காரணத்துக்குத்தான்."

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத பெண்ணின் தோளைத் தட்டி, "பார்த்தியா? என் மருமக" என்றார். மூன்றாவது தடவை.

*

"அடுத்த மாசம் இதைவிடப் பெரிய ஹாலாப் பார்க்கணும்" என்று டாக்டரம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனதை மகன் சாயந்திரம் வரை சொல்லிக்கொண்டே இருந்தான். கடைக்கு வருகிறவர், போகிறவர், எதிர் கடைக்காரர் என்று யாரையும் விடவில்லை.

திருப்பி வாங்கிய பைகள் எல்லாம் கடை மேஜையில் குவிந்து கிடந்தன. கடைப் பெண்கள் போய்விட்டார்கள். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஊசிகளை உருவி டப்பாவில் போட்டார்கள். ஓட்டையான பாக்கெட்டுகள் குப்பைப் பெட்டிக்குப் போயின. மகன் ஏணியில் ஏறிக் கடையின் டியூப்லைட்டை மாற்றிக்கொண்டிருந்தான்.

"இனிமே உள்ள ஒரு மூடி வச்சு, அழுத்தற பொத்தான் போட்டுடறேன். நழுவாது" என்றார் மாமியார், ஊசிகளைக் கவ்விய உதட்டோடு. பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஏன் குழந்தையைத் தள்ளிப் போட்டீங்க? டாக்டர் வேண்டாம்னாங்களா?"

"டாக்டர் எப்பவோ சரின்னுட்டாங்க அத்தை. மாத்திரையைச் சரியா சாப்பிட்டா குழந்தைக்கும் வராம பார்த்துக்கலாம்னாங்க." மருமகள் ஊசியை உருவிக்கொண்டே சொன்னாள். "நீங்க என்கூடப் பேசாம இருக்கறப்ப, பெத்து யார் மடியில போடறது?"

மாமியார் மேஜைக்கு மேலே கையை நீட்டி, மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல அழுத்தமான பிடி. பிறகு, அழுதுவிடுவோமோ என்ற பயத்தில், வேலையைப் பற்றிப் பேசினார்.

"எல்லாம் வந்துடுச்சா? ஒண்ணு குறையுது. பச்சைக் கோடு போட்ட பை எங்க? முதல்ல தைச்சேனே, மாதிரிப் பை. எல்லாத்தையும் உள்ள வச்சுப் பார்க்கணும்னு நிறைய அடைச்சுக் குடுத்தேனே."

"எங்கிட்டத்தானேம்மா குடுத்த" என்றான் மகன், ஏணி மேலிருந்து. "எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லுடான்னு. நல்லா இருக்குன்னு சொன்னேனே."

மருமகள் தலையைத் தூக்கினாள்.

"அதுல குண்டூசி இருந்துச்சா?"

"இருக்காம? எடுத்து அம்மா டப்பாவிலயே போட்டுட்டேன். ஸ்கூல் போற காலத்துலேருந்து அம்மா கையால வந்த எதுல குண்டூசி இல்ல? அதையெல்லாம் யார் கவனிக்கறா?"

"உள்ள இருந்த பாக்கெட்?"

"நம்ம டிராயர்ல..." என்று ஆரம்பித்தவன், ஏணியிலேயே நின்றுவிட்டான்.

புது டியூப்லைட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது.

"டிராயர்ல இப்ப எத்தனை மிச்சம் இருக்கு?" என்று கேட்டார் மாமியார்.

"ஒண்ணும் இல்லம்மா."

மருமகளின் பார்வை சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போனது. போன மாதத் தாளைப் புரட்டிப் பார்த்தாள். இந்த மாதத் தாளுக்கு வந்தாள். கூட்டத்து அலைச்சலில் நாள் தள்ளிப்போகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மாமியார் உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்தினார். வாயைத் திறந்தார். தெருவே பயப்படும் அந்த வாயிலிருந்து, இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட வரவில்லை.